பழைய லேண்ட் ரோவருக்கு டிடி27ஆ, 2எல்லா?

மாரி தொடங்கினால் ஒட்டுசுட்டான் பக்கம் வயல் பாதை முழுக்கச் சேறுதான். அங்கே ஓடும் லேண்ட் ரோவரில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் போடுவதென்றால், டொயோட்டா 2எல், நிசான் டிடி27 என்ற இரண்டு டீசல் எஞ்சின்களில் என் மனம் டிடி27 பக்கமே சாய்கிறது.

டிடி27 2663 சிசி, டொயோட்டா 2எல் 2446 சிசி. பெரிய வித்தியாசம் டைமிங்கில், அதாவது வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் இணைப்பில், இருக்கிறது. 2எல்லில் பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பழைய எஞ்சின் வாங்கும்போது பெல்ட் கடைசியாக எப்போது மாறியது என்று விற்பவருக்கே தெரியாது. பூட்டுமுன் புதிது போடுங்கள். டிடி27இல் பற்சக்கரங்கள்தான். மாங்குளத்துக்கு அப்பால் காட்டுப்பாதையில் நிற்கும்போது அந்த நிம்மதி பெரிது.

சரி, 2எல்லுக்கும் ஒரு பலம் உண்டு: டொயோட்டா ஹையேஸ் வான் ஓடும் ஊரில் அதன் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை, கராஜ்காரருக்கும் பழகிய எஞ்சின். வாடகைக்கு ஓடும் வண்டியென்றால் அதையே சொல்வேன்.

இரண்டுக்கும் கியர்பொக்ஸோடு பொருத்த இடைத்தட்டு வேண்டும். அப்புறம், பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியென்றால் வக்யூம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் அந்தப் பூஸ்டருக்கு உறிஞ்சல் வேண்டும்; டீசலில் பெட்ரோல் எஞ்சின்போல மனிஃபோல்டிலிருந்து, அதாவது காற்று உள்ளே போகும் குழாயிலிருந்து, அது கிடைக்காது. புதிய எஞ்சின் இலக்கத்தை வண்டிப் புத்தகத்திலும் ஏற்றிவிடுங்கள்.