நீட் வீடியோவா, ரிசால்வ் ஸ்டூடியோவா?

இரவில் எடுத்த வீடியோவில் புள்ளிகள், அதாவது இரைச்சல், மொய்க்கும்போது அதை நீக்க இந்த இரண்டில் எதை வாங்குவது என்ற குழப்பம் பலருக்கும் உண்டு.

செலவு: டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு 295 டாலரை ஒரே முறை செலுத்தினால் போதும், ரிசால்வின் இலவசப் பதிப்பில் இரைச்சல் நீக்கத்தைப் பயன்படுத்தினால் வாட்டர்மார்க் விழும். நீட் வீடியோ வெறும் பிளகின் (வேறொரு மென்பொருளுக்குள் இயங்கும் துணைநிரல்) என்பதால், அதை இயக்க எடிட்டிங் மென்பொருள் ஒன்று தனியே வேண்டும்.

துல்லியம்: நீட் வீடியோ, வெற்றுச் சுவர் போன்ற பகுதியில் இரைச்சலின் இயல்பை அளந்து அதற்கேற்ப நீக்குவதால், தலைமுடியும் துணியின் இழையும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ரிசால்வின் டெம்போரல் (அடுத்தடுத்த பிரேம்களை ஒப்பிட்டு நீக்குவது), ஸ்பேஷியல் (ஒரே பிரேமுக்குள் நீக்குவது) முறைகளில் அளவைப் பெரும்பாலும் நாமே கண்ணால் பார்த்துக் கூட்ட வேண்டும். சற்றே மிகுந்தாலும் முகம் மெழுகுபோல் ஆகிவிடும், அசையும் கைக்குப் பின்னால் நிழல் இழுபடும்.

வேகம்: இரண்டுமே கிராபிக்ஸ் கார்டை வாட்டுபவைதான்.

நிறத்திருத்தத்தையும் ரிசால்விலேயே முடிப்பவருக்கு ஸ்டூடியோ போதும். அடோபியின் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் பழகியவரும், மிகவும் கெட்டுப்போன காட்சியை மீட்க வேண்டியவரும் நீட் வீடியோவின் மாதிரிப் பதிப்பில் தங்கள் காட்சியை ஓட்டிப் பார்த்துவிட்டு அதையே வாங்கலாம்.