ஒரே புக்குக்கு மூணு வெல காட்டுற ஈபுக் ஆப்

தமிழ் ஈபுக் விக்கிற ஆப் ஒன்னு, பேரு வேணாம். நான் தேடுன நாவல் வெப்சைட்ல 149 ரூபா, அதே புக்க தங்கச்சி ஐபோன்ல ஆப்ப தொறந்து பாத்தா 199. ஐபோன் கத புரியுது, ஆப்புக்குள்ள வாங்குனா ஆப்பிள் 30 சதவீதம் வரைக்கும் கமிஷன் எடுக்கும், அத அப்படியே நம்ம தலைல கட்டிடுறாங்க. சரி போகட்டும்னு வெப்சைட்லயே புக்க கூடைல போட்டு பணம் கட்டுற பக்கம் போனா 175.82னு நிக்குது! கீழ பொடி எழுத்துல ஜிஎஸ்டி 18 சதவீதம்.

இங்கதான் எனக்கு சுள்ளுனு ஏறுச்சு. அச்சு புக்குக்கு ஜிஎஸ்டியே கெடையாது, ஈபுக்குக்கு 2017ல 18 போட்டாங்க, 2018 ஜூலைல அச்சுல வந்த புக்கோட ஈபுக்னா 5 போதும்னு கொறச்சாங்க, அச்சுல வராததுக்குதான் 18. இந்த நாவல் அச்சுல வந்து தமுக்கம் புத்தகத் திருவிழால அடுக்கி வச்சிருந்தாங்க, நானே பொரட்டி பாத்தேன். 5 போட்டா 156.45தான் வரணும். 19 ரூபா 37 காசு சாஸ்தி. மாட்டுத்தாவணி மார்க்கெட்ல தக்காளி வெல காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னுன்னாலும் கேட்டா ஒரு காரணம் சொல்லுவாங்க, இங்க அதுவும் இல்ல.

பணத்த கட்டிட்டு பில்லோட சாட்ல போனேன். மொதல்ல தானா பதில் சொல்ற சாட்பாட், அது சுத்தி சுத்தி அதே நாலு பட்டனத்தான் காட்டுது. அப்பறம் ஒரு பொண்ணு வந்து "விலை மாறுதலுக்கு உட்பட்டது சார்"ங்குது. "நான் வெலய கேக்கலம்மா, வரிய கேக்குறேன்"னா மறுபடியும் அதே பதில், காப்பி பேஸ்ட். பாவம் அந்தப் பொண்ண சொல்லி குத்தமில்ல, எழுதி குடுத்தத சொல்லுது. கடைசில 25 ரூபாக்கு கூப்பன் தந்தாங்க, ஆனா 300 ரூபாக்கு மேல வாங்குனாத்தான் செல்லுமாம், நல்லா இருக்குல்ல?

அப்பறம்தான் வெப்சைட் அடில தேடி குறைதீர்ப்பு அதிகாரி மெயிலுக்கு எழுதுனேன். 2020 இ-காமர்ஸ் விதிப்படி இப்படி ஒரு ஆள வைக்கணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல கெடச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல முடிச்சு குடுக்கணும். அச்சு புக்கோட ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள நம்பர்) இருக்கிற பக்கத்த போட்டோ எடுத்து பில்லோட சேத்து அனுப்புனேன். இந்த தடவ போன்லயே கூப்ட்டாங்க, அந்த அதிகாரி மரியாதையா பேசுனாரு. பதிப்பகம் புக்க ஏத்தும்போது அச்சு விவரத்த காலியா விட்டுட்டாங்களாம், காலியா இருந்தா சிஸ்டம் தானா 18 போட்டுடுமாம். யுபிஐலயே காசு வந்துருச்சு.

ஆனா அதே பதிப்பகத்தோட மத்த புக்கு பூராம் இன்னும் 18லதான் கெடக்கு. கேட்டவனுக்கு மட்டும் திருப்பி குடுத்துட்டு சிஸ்டத்த அப்படியே விட்டா என்ன அர்த்தம்? அதுக்கு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொல்லி வச்சிருக்கேன்.

படிக்க ஆப் நல்லாத்தான் இருக்கு, எழுத்து கண்ண உறுத்தல, சாம்பிளும் தாராளமா தர்றாங்க. பழைய இலக்கியம் மட்டும் போதும்ங்கிறவங்க இந்தப் பக்கமே வர வேணாம், மதுரைத் திட்டம்ங்கிற இணையதளம் 1998லருந்து சும்மாவே குடுக்குது (பேருதான் நம்ம ஊரு, வேல செய்றவங்க உலகம் பூரா). புது நாவல்தான் வேணும்னா வெப்சைட்ல வாங்குங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்த வரி லைன ஒருக்கா பாத்துக்குங்க. அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார்.