எழுத்தைக் கொடுத்து நீண்ட சொல்லைத் தேட: க்ரெப்பா, பைத்தானா?

ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் உள்ள நீண்ட ஆங்கிலச் சொல் வேண்டும். மேக் கணினியில் சொற்பட்டியல் கையோடு இருக்கிறது: 1934 வெப்ஸ்டர் அகராதியை ஒட்டிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். தேடுவது எதில்: வரி வரியாகத் தேடித் தரும் க்ரெப் கட்டளையிலா, பைத்தான் நிரல்மொழியிலா?

அவசரத்துக்கு க்ரெப்தான். எழுத்துக்கு ஒன்றாக ஐந்து க்ரெப்பை பைப் (ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் | குறி) போட்டுக் கோத்தால் போதும். முதலாவது ஏ இல்லாத சொற்களைக் கழித்துவிடும், அடுத்தது ஈ இல்லாதவற்றை. எதை முன்னால் போட்டாலும் விடை ஒன்றே. ஐந்தும் அதே வரிசையில் வர வேண்டுமா? எழுத்துகளுக்கு நடுவே புள்ளியும் நட்சத்திரக் குறியும் (நடுவில் எது வந்தாலும் சரி என்று பொருள்) போடுங்கள், 'ஃபசீஷியஸ்' (facetious) வந்து நிற்கும். 'எஜுகேஷன்' (education) அதில் சிக்காது, ஈ முந்திக்கொள்கிறதே.

சிக்கல் ஒரே எழுத்து இரண்டு முறை வரும்போதுதான். 'பீட்சா'வில் இருப்பதுபோல இரண்டு இஸட் வேண்டுமென்று க்ரெப்பை இருமுறை ஓட்டினால் பயனில்லை. ஒற்றை இஸட் உள்ள சொல்லும் இரண்டையும் தாண்டிவிடும். பைத்தானிலும் 'செட்' (ஒவ்வொரு எழுத்தையும் ஒருமுறை மட்டுமே வைத்துக்கொள்ளும் தொகுப்பு) போட்டால் இதே கதைதான். 'கவுண்டர்' போட்டால் எண்ணிப் பார்க்கும். நீளவாரியாக அடுக்குவதும் பைத்தானில் ஒரே வரி. க்ரெப்புக்கு அது தெரியாது, நீளத்தை அளக்க ஆக், வரிசைப்படுத்த சார்ட் என்று இரண்டு கட்டளைகளைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

நீளம்தான் முக்கியம் என்றால் நான் பைத்தான் பக்கம். எதில் தேடினாலும் முதலில் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடுங்கள்.