மனவடுச் சிகிச்சை: கண்ணசைவா, கயிறும் கல்லும் பூவுமா?

அனர்த்தம் நடந்து ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்துப் பக்கமே போகாத தவிர்ப்பு எல்லாம் விடாமல் இருந்தால் அது மனவடு நோய் (PTSD), சிகிச்சை தேடவேண்டிய நிலை. கொழும்பில் தமிழில் உளவளத்துணை தேடுபவர்களுக்காக இங்கே இரண்டு முறைகளை ஒப்பிடுகிறோம்: ஈ.எம்.டி.ஆர் (EMDR), நெட் (NET, Narrative Exposure Therapy). ஒன்று கண்ணசைவோடு நினைவை மீட்பது. மற்றது வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லி எழுதுவது.

ஈ.எம்.டி.ஆர் 1980களின் இறுதியில் பிரான்சின் ஷபீரோ உருவாக்கியது. எட்டுக் கட்டங்கள் கொண்டது. மிக மோசமான ஒரு காட்சி, அதோடு ஒட்டிய எண்ணம் (“நான்தான் காரணம்” போன்றது), உடம்பில் அது தெரியும் இடம் மூன்றையும் முதலில் பிடிப்பார்கள். தவிப்பு எவ்வளவு என்று 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்வார்கள். பிறகு சிகிச்சையாளரின் விரலைக் கண்கள் இடம் வலமாகத் தொடர, அந்தக் காட்சியை மனத்தில் வைத்திருக்க வேண்டும். அரை நிமிடமளவில் நிறுத்தி, “இப்போது என்ன வருகிறது?” என்ற ஒரே கேள்வி. மதிப்பெண் 0 அல்லது 1க்கு இறங்கும்வரை இது தொடரும். ஒரு நேரத்தில் கொஞ்சத்தையே மனத்தில் வைத்திருக்கும் செயல்நினைவுக்கு (working memory) நினைவும் கண்ணசைவும் போட்டியிடுவதால் காட்சி மங்குகிறது என்பது முக்கிய விளக்கம். கண்ணசைவு உண்மையில் தேவைதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் உலக சுகாதார அமைப்பின் 2013 வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கிறது.

நெட் முறையை மாகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் ஆகியோர் போரில் அடிபட்ட மக்களுக்காகவே வடிவமைத்தார்கள். நிலத்தில் ஒரு கயிறு விரிப்பார்கள். அதுதான் பிறப்பிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை. நல்லவற்றுக்குப் பூ, கொடியவற்றுக்குக் கல். விரிக்காமல் சுருட்டி விடும் மிச்சக் கயிறு எதிர்காலம். அடுத்த அமர்வுகளில் கல் கல்லாக நிற்பார்கள். 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்ட இரவு ஒரு கல் என்று வையுங்கள். கேள்விகள் இப்படி வரும்: மழை பெய்ததா? யாருடைய கையைப் பிடித்திருந்தீர்கள்? என்ன சத்தம்? அப்போது என்ன நினைத்தீர்கள்? இப்போது இதைச் சொல்லும்போது உடம்பில் எங்கே தெரிகிறது? சிகிச்சையாளர் எழுதிக்கொண்டு போவார், அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார், விடுபட்டதைச் சேர்ப்பார். ஒரு அமர்வு சுமார் 90 நிமிடம். பெரும்பாலும் 4 முதல் 12 அமர்வுகள்.

உகண்டாவில் சூடான் அகதிகளிடையே செய்து 2004 இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் நெட் பெற்றவர்களில் 29 வீதத்தினருக்கே நோய் எஞ்சியிருந்தது. ஆதரவுப் பேச்சு மட்டும் பெற்றவர்களில் அது 79 வீதம். நம் வடகிழக்கில் ஆழிப்பேரலைக்குப் பின் 31 பிள்ளைகளிடம், பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறு அமர்வுகள் நடத்திய ஆய்வு 2009 இல் வந்தது. ஆறு மாதத்தில் நெட் பெற்றவர்களில் 81 வீதமும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றவர்களில் 71 வீதமும் தேறினார்கள். இந்த இடைவெளியை வைத்து நெட்டே மேல் என்று சொல்லமுடியாது: எண்ணிக்கை சிறிது, சிகிச்சை பெறாத குழுவும் இல்லை, சில வாரங்களிலேயே தொடங்கியதால் தானாக ஆறியவர்களும் அதில் இருக்கலாம்.

எங்கள் தெரிவு இது. 2019 ஏப்ரல் 21 கொச்சிக்கடைக் குண்டுவெடிப்பு போல ஒரே நிகழ்வு, மற்றபடி நிலையான வாழ்க்கை என்றால் ஈ.எம்.டி.ஆர். விபரமாகப் பேசத் தேவையில்லை, வீட்டுப்பாடமும் இல்லை. வெள்ளவத்தையில் ஒரே அறையில் நாலு பேரோடு இருப்பவருக்கு இது பெரிய வசதி. 83 கலவரம், இடப்பெயர்வு, முகாம், இழப்பு என்று அடுக்கடுக்காக வந்தவருக்கு நெட்தான். எந்தக் காட்சியிலிருந்து தொடங்குவது என்றே தெரியாத இடத்தில் கால வரிசை கைகொடுக்கும். ஆனால் தாய்மொழியில் கேட்கக்கூடியவர் இல்லாமல் நெட் செய்யக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் இந்த வேலையில் பழகியவராகவும் இரகசியம் காப்பவராகவும் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. எழுதிய வரலாறு யார் கையில் இருக்கும் என்பதையும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். காணாமலாக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு அந்தத் தாளே புதிய பயமாகிவிடும்.

இரண்டிலும் அதிகம் நடக்கும் பிழை ஒன்றுதான்: பயம் உச்சத்தில் நிற்கும்போது, நேரம் முடிந்துவிட்டதென்று அமர்வை நிறுத்துவது. அது இறங்கும்வரை கூடவே இருக்க வேண்டும். இறங்காமல் எழுந்து போனவர் அடுத்த கிழமை வரமாட்டார். கதையின் நடுவில் கண் வெறித்து, குரல் தேய்ந்து, மயக்கம் போல வருபவரைக் கண்மூடி மூச்சுவிடச் சொல்லக்கூடாது. கண்ணைத் திறந்தபடி, கால்களைப் பின்னித் தசையை இறுக்கச் சொல்லி, இது எந்த இடம், என்ன திகதி என்று கேட்க வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சேர்ட்ரலின் 25 மில்லிகிராமில் தொடங்கி வழக்கமாக 50 முதல் 200 வரை போகும். பலன் தெரிய சில வாரங்கள் பிடிக்கும், டொக்டரைக் கேளாமல் இடையில் நிறுத்தக்கூடாது. பதற்றம் தணிக்கும் டயசபாம் மாத்திரை மனவடுவுக்கு மருந்தல்ல. அனர்த்தம் நடந்த கையோடு எல்லோரையும் வட்டமாக இருத்தி ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்கச் செய்வதும் வேண்டாம். பலன் காணப்படவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகியும் இருக்கிறது.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அழைத்தவுடன் தமிழ் பேசுபவரைக் கேளுங்கள். சிகிச்சையாளரிடம் போனால் எந்த முறையில் பயிற்சி பெற்றவர், எத்தனை அமர்வு, அமர்வு நடுவில் தாங்கமுடியாமல் போனால் என்ன செய்வார் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறொருவரைத் தேடுங்கள்.