பள்ளிக்கரணையா, பழவேற்காடா?
சென்னையில் பறவை பார்க்க ஒரு காலைப்பொழுதுதான் கையில் இருக்கிறதென்றால் பள்ளிக்கரணைதான். 2022-ல் ராம்சர் தகுதி (உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற சதுப்பு நிலம். சாலையோரம் நின்றே பார்க்கலாம்: நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டைக் காலால் பிடித்துக் கடித்துத் தின்னும். பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பைமேடு. பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

முழு நாள் கிடைத்தால் என் ஓட்டு பழவேற்காட்டுக்கு. வடக்கே சுமார் 60 கி.மீ. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்தபடியே நடக்கும். எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்காது! அப்படியே டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வாருங்கள். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், அங்கே நிழல் குறைவு.