மதுரை வெயிலில் ஒரு சோம்பல் இல்லாத, சுமையும் இல்லாத தோட்டம்

வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டு ஆறேழு வருஷம் ஆகிறது. இப்போது அது என்னிடம் கேட்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம். ஐப்பசி மழைக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் தரையில் இருக்கிற எந்தச் செடியும் வாடுவதில்லை. மதுரையில் தோட்டம் வைக்க ஆசைப்பட்டு, தண்ணீருக்கும் வேலைக்கும் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு நத்தம் சாலைப் பக்கம். முன்புறம் ஒரு கார் நிறுத்துகிற அளவுக்கும் கொஞ்சம் கூடுதலாகவும் இடம். மேற்கே நீளமாக ஒரு பட்டை. மண் செம்மண்ணும் சரளையும். போர் தண்ணீரில் உப்பு அதிகம். வாளி காய்ந்தால் ஓரத்தில் வெள்ளை படியும்.

மதுரையில் வருஷத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை உண்டு. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் தை முதல் பங்குனி வரை பெரிதாக எதுவும் கிடையாது. எனவே இங்கே குறைந்த பராமரிப்பு என்றால் முதல் கேள்வி, விழுந்த ஈரத்தை மண் எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்பதுதான். என்ன செடி என்பதை அதற்கப்புறம் யோசித்தால் போதும். என் அனுபவத்தில் தோட்டத்து வேலையில் பாதிக்கு மேல் குறைந்தது வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் மூடி வைத்ததால்தான்.

மூடாக்குக்கு நான் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. வேப்பஞ்சருகு, உதிர்ந்த புங்க இலை, தேங்காய் மட்டை நார், கவாத்து செய்த குச்சிகளை நறுக்கிய துண்டு, எல்லாம் செடிகளுக்கு இடையே நான்கு விரல் கனத்துக்குப் போகும். மே மாதத்து மதியம், காரை நிறுத்துகிற சிமெண்ட் தரையில் கால் வைக்க முடியாத நேரத்தில், நந்தியாவட்டைக்கு அடியில் சருகை விலக்கிப் பார்த்தால் மேல் அடுக்கு மொறுமொறுவென்று இருக்கும். அடுத்த அடுக்கு கறுத்து, வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கும். அதற்கும் கீழே மண் விரலில் ஒட்டும். மண்புழு எச்சம் கடுகு கடுகாகக் குவிந்து கிடக்கும். ஒரு முழம் தள்ளி மூடாமல் விட்ட இடத்தில் களைக்கொத்து இறங்காது.

இதில் சிக்கல் செடியிடம் இல்லை, மனுஷரிடம்தான். நம் ஊரில் முற்றத்தில் ஓர் இலை கிடந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாள், "ஏன் தம்பி, குப்பையைக் கூட்டாமப் போட்டிருக்கீங்க, ஆள் வரலையா?" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் மனசு ஒப்பவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தோம். வாசலும் நடைபாதையும் அம்மாவின் எல்லை. தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம். பாதையோரம் செங்கல்லைச் சாய்த்துப் பதித்து வரம்பு கட்டினோம். அந்த வரம்புக்கு உள்ளே துடைப்பம் போகாது. அந்தச் செங்கல் வரிசை வந்தபின் பார்ப்பவர் கண்ணுக்கும் அது குப்பையாகத் தெரியவில்லை.

கரையான் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடிக்கு மூடாக்கு போடாமல் ஜல்லி பரப்பியிருக்கிறேன். செடியின் தண்டைச் சுற்றியும் ஒரு சாண் இடைவெளி. சருகை ஓரிடத்தில் குவித்து வைப்பதில்லை. இந்த மூன்றும் போதுமானதாக இருக்கிறது. கோரைக் களை மட்டும் எந்த மூடாக்கையும் குத்திக்கொண்டு மேலே வரும். மழை விட்ட மறுநாள் மண் இளகியிருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். மேலே கிள்ளினால் பத்தாக வரும்.

முன்புறத்தில் புல்தரை வைக்கவில்லை. அந்த இடத்தில் பொடுதலை. கண்மாய்க் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படர்ந்து கிடக்குமே, அதுதான். கணுவுக்குக் கணு வேர் விடும் கொடி. துண்டு துண்டாகக் கிள்ளி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் ஒரு மழைக்காலத்தில் தரையை மூடிவிடுகிறது. வெட்டும் இயந்திரம் வேண்டாம், உரம் வேண்டாம். கோடையில் வெளுத்து மெலியும், முதல் மழைக்குத் திரும்பிவிடும். ஓடி விளையாடுகிற இடத்துக்கு இது சரிப்படாது. பூக்கும்போது தேனீ நிறைய வரும், சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், நம் வெயிலுக்கு விலை கொடுத்து வாங்குகிற கொரியன் புல்லைவிட இது எவ்வளவோ மேல். கொஞ்சம் பறித்தால் துவையலும் ஆகும்.

தண்ணீருக்குச் சொட்டு நீர்க் குழாய். 16 மில்லிமீட்டர் குழாய், செடிக்கு ஒன்றோ இரண்டோ டிரிப்பர் (சொட்டுவிடும் முனை), தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு வடிகட்டி. கோடையில் நான்கு நாளைக்கு ஒரு முறை நீண்ட நேரம் விடுகிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வேர் மேலேயே நின்றுவிடும். பிறகு ஒரு நாள் தவறினாலும் செடி தலையைத் தொங்கப் போடும். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் அடைப்பதுதான் இந்த அமைப்பின் நிரந்தரத் தொல்லை. மாதம் ஒரு முறை குழாயின் கடைசி மூடியைக் கழற்றி விட்டால் கலங்கல் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், தெளிந்ததும் மூடலாம். வாயில் வெள்ளை கட்டிய டிரிப்பரை வினிகரில் ஒரு ராத்திரி ஊற வைத்தால் திறந்துகொள்ளும். குடிநீர் சுத்திகரிக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு விடாதீர்கள். ஏற்கெனவே உப்பான தண்ணீரின் உப்பு அதில் இன்னும் கூடித்தான் வருகிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. அதைப் பிடித்து மல்லிகைக்கு ஊற்றுகிறோம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் வரும். மாடியிலிருந்து இறங்கும் குழாயை மழைநீர்க் குழிக்கும், குழி நிறைந்தால் வாழை மரத்தடிக்கும் திருப்பியிருக்கிறோம்.

செடிகளில் முழு மதிப்பெண் நந்தியாவட்டைக்கும் அரளிக்கும். அரளி விஷம், குழந்தை கைக்கு எட்டாத இடம் வேண்டும். மேற்குச் சுவருக்குக் காகிதப்பூ. தண்ணீரைக் குறைத்தால்தான் அள்ளிப் பூக்கிறது. கறிவேப்பிலை, மாதுளை, ஆடாதோடை தம்மைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. குட்டை ரக இட்லிப்பூவை நான் பரிந்துரைக்க மாட்டேன்: உப்புத் தண்ணீரில் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் சோகை பிடித்து நிற்கும். செம்பருத்தி வைத்தால் மாவுப்பூச்சியோடு வாழப் பழக வேண்டும். முருங்கையைச் சுவரோரம் வைக்கவே வேண்டாம், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் வரும். மாடியில் வைக்கிற செடித் தொட்டிகள் இந்தக் கணக்கிலேயே சேராது; சித்திரையில் அவை இரண்டு வேளை தண்ணீர் கேட்கும்.

மல்லிகை குறைந்த பராமரிப்புச் செடி இல்லை. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்ய வேண்டும், மொட்டுப்புழு பார்க்க வேண்டும், வெயில் முழுசாகப் பட வேண்டும். இருந்தாலும் 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ விளைகிற ஊரில் இருந்துகொண்டு, வீட்டில் ஒரு மல்லிகை இல்லாமல் இருக்க எனக்கு மனசு வராது. மற்ற செடிகளில் மிச்சமாகும் நேரத்தை இதற்குச் செலவு செய்கிறேன். பங்குனி பிறந்தால் அம்மா சாயங்காலம் மொட்டு பறித்துக் கட்டுவார். சாமி படத்துக்குப் போக மிச்சம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆடியிலேயே குழி எடுத்து ஆற விடுங்கள். தொழு உரமும் மண்ணும் கலந்து நிரப்பி, புரட்டாசி கடைசியில் நல்ல மழை இரண்டு பெய்ததும் நடுங்கள். வேர் பிடிக்க மூன்று மாத ஈரம் தானாகக் கிடைக்கும். மாசியில் நட்டால் அந்த மூன்று மாதத் தண்ணீரையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும்.