கையெழுத்திடாத நாடுகளையும் கட்டும் 161 விதிகள்: செஞ்சிலுவைக் குழுவின் இணையத் தரவுத்தளம், ஒரு மதிப்புரை

சட்டக் கல்லூரியில் போர்ச் சட்டத்தை நடத்தத் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: “சார், இதில் நம் நாடு கையெழுத்துப் போட்டிருக்கிறதா?” கேள்வி எளிது, பதில் அவ்வளவு எளிதன்று. 1949-ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளை இந்தியா 1950-இல் ஏற்று, 1960-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. இலங்கை 1959-இல் ஏற்றது. அதற்கான உள்நாட்டுச் சட்டம் 2006-இல்தான் வந்தது. ஆனால் எதைக் குறிவைக்கலாம், பொதுமக்கள் நடுவே இருக்கும் இலக்கின் மீது எப்போது குண்டு வீசக் கூடாது, வீசுவதற்கு முன் என்னென்ன செய்தாக வேண்டும் என்பவற்றை விரிவாகச் சொல்லும் விதிகள் அந்த உடன்படிக்கைகளுக்கான 1977-இன் கூடுதல் நெறிமுறைகளில்தான் இருக்கின்றன. அவற்றில் இரண்டு நாடுகளுமே சேரவில்லை. அப்படியானால் அந்த விதிகள் நம்மைக் கட்டாதா என்று மாணவர்கள் அடுத்துக் கேட்பார்கள். அந்த இடத்தில் நான் திறந்து காட்டுவது, பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு இணையத்தில் நடத்திவரும் வழக்காற்று மனிதாபிமானச் சட்டத் தரவுத்தளத்தை. பல ஆண்டுகளாக வகுப்புக்கும் சொந்தத் தேவைக்கும் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

1995-இல் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டு மாநாடு, உடன்படிக்கைகளுக்கு வெளியே நாடுகளைக் கட்டுப்படுத்தும் போர்விதிகள் எவை என்று ஆராய்ந்து சொல்லுமாறு குழுவிடம் கேட்டுக்கொண்டது. ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2005-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. 161 விதிகள் ஒரு தொகுதியிலும், அவற்றுக்குச் சான்றான நாடுகளின் நடைமுறை இன்னொரு தொகுதியிலும் அமைந்தன. அச்சில் அது தலையணை கனத்த நூல். தனி ஆள் விலை கொடுத்து வாங்கக்கூடியதும் அன்று. 2010-இல் அது முழுவதும் இணையத்துக்கு வந்தது. கட்டணம் இல்லை. கையில் இருக்கும் கைபேசியிலேயே படிக்கலாம்.

வழக்காறு என்றால் பழக்கவழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. நாடுகள் ஒன்றைப் பரவலாகக் கடைப்பிடிக்க வேண்டும்; அதுவும் தயவாகவோ வசதிக்காகவோ அன்றி, சட்டம் என்று ஏற்றே கடைப்பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அது கையெழுத்திடாத நாட்டையும் கட்டும். வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றிய வழக்கில் 1996-இல் நம் உச்ச நீதிமன்றம், உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாகாத பன்னாட்டு வழக்காற்றுச் சட்டம் நம் சட்டத்தின் பகுதியாகவே கொள்ளப்படும் என்று கூறியது. தோல் பதனிடும் தொழிலைப் பற்றிய தீர்ப்பு போர்ச் சட்ட வகுப்பில் ஏன் வருகிறது என்று மாணவர்கள் முதலில் திகைப்பார்கள். இந்தத் தளத்தின் பயன் புரிவதற்கு அந்தத் தீர்ப்பே வாசல் என்பது என் கருத்து.

தளம் எப்படி இயங்குகிறது என்பதை ஒரே ஒரு விதியைக் கொண்டு காட்டுகிறேன். இருபதாம் விதியைத் திறந்தால் மேலே விதி மட்டும் தனித்து நிற்கும்: பொதுமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதல்களுக்கு முன், சூழ்நிலை இடங்கொடாத போது தவிர, பயன்தரும் வகையில் முன்னெச்சரிக்கை தந்தாக வேண்டும். அதன்கீழ் சுருக்கவுரை, நாடுகளுக்கிடையிலான போர், உள்நாட்டுப் போர் இரண்டுக்கும் இது பொருந்துமா என்ற விளக்கம், அடிக்குறிப்புகள். அங்கிருந்து ‘நடைமுறை’ப் பகுதிக்குச் சென்றால் உடன்படிக்கைகள், இராணுவக் கையேடுகள், உள்நாட்டுச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் என நாடு நாடாக, அகரவரிசையில் விரியும். தளத்தின் உயிர் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது. பலரும் விதியைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பாதிச் சேவையைத்தான் பெறுகிறார்கள்.

இந்த எச்சரிக்கைக் கடமை ஒரே நாளில் பிறந்ததன்று. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே அமெரிக்க அரசுப் படைகளுக்காக வெளியான லீபர் விதித்தொகுப்பு, ஓர் ஊரைக் குண்டுவீசித் தாக்குமுன் பெண்களும் குழந்தைகளும் வெளியேறும்படி, இயலும்போதெல்லாம் எதிரிக்கு அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அறிவிக்காமல் விட்டாலும் அது போர்ச் சட்டத்தை மீறியதாகாது, திடீர்த் தாக்குதல் தேவையாகலாம் என்று அடுத்த வரியிலேயே கதவைத் திறந்து வைத்தது. 1907-இன் ஹேக் விதிமுறை அதைத் தளபதியின் கடமையாக்கியது. 1977-இன் முதல் நெறிமுறை ‘பயன்தரும்’ என்ற சொல்லைச் சேர்த்தது. ஒரு சொல்தான், ஆனால் அதன்பின் துண்டறிக்கை வீசினோம் என்று சொன்னால் மட்டும் போதாது, படித்தவர் வெளியேற வழியும் நேரமும் இருந்தனவா என்பதும் கேள்வியாகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு நினைவுக்கு வராமல் இராது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதவரும் அரண் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துப் போர்செய்யும் அறநெறியைச் சொல்கிறார். மேடைகளில் இதை உலகின் முதல் ஜெனீவா உடன்படிக்கை என்று முழங்கக் கேட்டிருக்கிறேன். பாட்டின் பெருமைக்கு அந்த மிகை தேவையில்லை. அது ஓர் அரசனின் அறம். பட்டியலில் உள்ளவர்களுக்கு உரியது. இருபதாம் விதி பட்டியல் போடுவதில்லை. போரில் நேரடியாகப் பங்கெடுக்காத எவருக்கும் உரியது. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எச்சரிக்கை கேட்டும் வெளியேற முடியாமல் நின்றுவிட்டவர் அதனால் பாதுகாப்பை இழப்பதில்லை. அவர் பொதுமகனே. பொதுமக்களையும் போரிடுவோரையும் வேறுபடுத்திப் பார்த்தல் என்ற முதல் விதியும், கிடைக்கும் இராணுவப் பயனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பைத் தடுக்கும் பதினான்காம் விதியும், இயன்ற முன்காப்பு எல்லாவற்றையும் கோரும் பதினைந்தாம் விதியும் அவர் விஷயத்தில் அப்படியே நிற்கின்றன.

இதைப் படிக்கும்போது 2009-இன் வன்னியை எண்ணாமல் என்னால் கடந்து செல்ல முடிவதில்லை. போரின் கடைசி மாதங்களில் இலங்கை அரசு அடுத்தடுத்து மூன்று பாதுகாப்பு வலயங்களை அறிவித்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் தந்த அறிக்கை, அந்த மூன்று வலயங்களிலும் அரசுப் படைகள் பெருமளவில் எறிகணை வீசின, மருத்துவமனைகள் தாக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்றது. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்து அரணாகப் பயன்படுத்தினர், தப்ப முயன்றவர்களைச் சுட்டனர் என்ற குற்றச்சாட்டுகளும் நம்பத்தக்கவை என்றது. மருத்துவப் பிரிவுகளைக் காக்கும் 28-ஆம் விதி, பாதுகாப்பு வலயங்களைப் பற்றிய 35-ஆம் விதி, மனிதக் கேடயத்தைத் தடைசெய்யும் 97-ஆம் விதி ஆகியவற்றை அந்த அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் படித்தால், எந்தத் தரப்பும் ‘நாங்கள் நெறிமுறையில் சேரவில்லை’ என்று தப்பிக்க இடமில்லை என்பது தெளிவாகும். உள்நாட்டுப் போர்களுக்கும் இவை பொருந்தும் என்று அந்தந்தப் பக்கமே சொல்கிறது.

படையினர் களத்தில் எப்போது சுடலாம், எப்போது கூடாது என்று அரசும் தளபதிகளும் இடும் கட்டளை விதிகளைத் தேடி வருபவர்கள் இங்கே ஏமாறுவார்கள். அக்கட்டளைகள் சட்டத்தின் எல்லைக்குள், அரசியல் நோக்கத்தையும் களநிலையையும் கருதி ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தனியாக வகுக்கப்படுபவை. சட்டம் அனுமதிப்பதைவிடக் குறைவாக அவை அனுமதிக்கலாம், கூடுதலாக அனுமதிக்க முடியாது. பெரும்பாலும் இரகசியமாகவே வைக்கப்படும். நம் நாட்டில் அதற்கு நெருங்கியதாகப் பொதுவெளியில் கிடைப்பது, ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளுக்காக இராணுவத் தலைமை வெளியிட்ட ‘செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை’ பட்டியல். 1997-இன் நாகா மக்கள் மனித உரிமை இயக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கட்டுப்படுத்தும் தன்மை உண்டு என்றது. அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவோ, சுடுமுன் தரும் எச்சரிக்கையை ‘தாம் தேவையெனக் கருதும்’ அளவுக்கு என அதிகாரியின் முடிவுக்கே விட்டிருக்கிறது. அதையும் இருபதாம் விதியையும் அடுத்தடுத்து வைத்து ஒரு வகுப்பு முழுவதும் விவாதித்திருக்கிறோம். அது உள்நாட்டு ஒழுங்குக்கான சட்டம், இது போருக்கான விதி, இரண்டையும் ஒப்பிடலாமா என்று ஒரு மாணவர் எழுப்பிய மறுப்பும் நியாயமானதே.

தளத்தில் இருப்பதெல்லாம் கேள்விக்கு அப்பாற்பட்ட சட்டம் என்று எவரும் கொள்ளக் கூடாது. அமெரிக்க அரசு 2006-இல் செஞ்சிலுவைக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், ஆய்வு களத்தில் நடப்பதைவிடக் கையேடுகளிலும் அறிக்கைகளிலும் எழுதப்பட்டதற்கே அதிக எடை தருகிறது என்று குறைகூறி, 31, 45, 78, 157 ஆகிய விதிகளை எடுத்துக்காட்டாக மறுத்தது. இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். இயற்கைச் சூழலுக்குப் பரவலான, நீண்டகால, கடும் சேதத்தைத் தடைசெய்யும் 45-ஆம் விதி அணு ஆயுத நாடுகளையும் கட்டுகிறதா என்பதில் உண்மையாகவே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் கையேட்டைப் புறந்தள்ளுவதை ஏற்க இயலாது. தன் படைவீரனுக்கு ஒரு நாடு எதைச் சட்டமென்று கற்பிக்கிறதோ அது அந்த நாட்டின் சொந்த வாக்குமூலம். எது எந்த அளவுக்கு உறுதியானது என்பதை வாசகரே எடைபோடச் சான்றுகளைத் திறந்து வைத்திருப்பதால்தான் இந்தத் தளத்தை நான் மதிக்கிறேன். வழக்கறிஞர்கள், இதழாளர்கள், மனித உரிமைப் பணியாளர்கள் அனைவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பாடநூலுக்கு இது மாற்று அன்று. சட்டப் பின்னணி இல்லாதவர்கள் 1, 14, 15, 20, வெளிப்படையாகச் சட்டவிரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படியாதிருக்கும் கடமையைச் சொல்லும் 154 ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம்.

தமிழில் இச்சேவை இல்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் சில விதிகளை மாணவர்களையே மொழிபெயர்க்கச் சொல்வேன். பதினைந்தாம் விதியில் வரும் முன்காப்புகளை ‘இயன்றவரை’ எடுக்க வேண்டும் என்று எழுதினால் கடமை தளர்ந்து முயற்சியாகிவிடும். ‘நடைமுறையில் இயலும் எல்லாவற்றையும்’ என்றால்தான் மூலத்தின் இறுக்கம் நிற்கும். காயமுற்றோ சரணடைந்தோ போரிட இயலாமற்போனவரைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடருக்கு ‘களம் நீங்கியவர்’ என்று ஒரு மாணவர் தந்த சொல்லை இன்றும் பயன்படுத்துகிறேன்.

சென்ற முறை, அகதிகள் முகாமில் வளர்ந்த மாணவி ஒருவர் 117-ஆம் விதியைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆயுத மோதலில் காணாமற்போனவர்களைப் பற்றியது அது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டத்தைத் தம் உறவினர் வழியே அறிந்திருந்தவர். முதல் வரைவில், போரிட்ட ஒவ்வொரு தரப்பும் தன்னிடமுள்ள தகவலைக் குடும்பத்தாருக்கு ‘அளிக்கும்’ என்று எழுதியிருந்தார். மறுநாள் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு மேலே ‘அளித்தாக வேண்டும்’ என்று திருத்திக் கொடுத்தார்.